அந்தத் தோட்டுக்கு ஏன் அந்த விலை?



புதுச்சேரி டவுனுக்கு வரும்போது மிஷன் வீதியிலும் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களிலும் கண்ணாடிக் கதவு போட்ட சின்னச் சின்னத் துணிக்கடை, நகைக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நாலைந்து சட்டை, ரெண்டு மூணு சேலை, ஒரு மேசையில் மண்ணிலும் மரத்திலும் செய்த தோடு, மாலை. தங்கம் கிடையாது, ஜரிகை கிடையாது. விலைச் சீட்டைப் பார்த்தால் ஆயிரம், ரெண்டாயிரம். "சாதா பருத்தித் துணி, இதுக்கா இவ்ளோ?" என்று சிரித்துவிட்டு நாம் நடையைக் கட்டுவோம்.

நம் குழுக்களில் தையல், எம்ப்ராய்டரி, சுடுமண் நகை, காகித மணி, பட்டுநூல் வளையல் செய்கிற உறுப்பினர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எங்க பொருளும் நல்லாத்தானே இருக்கு? அது ஏன் அம்பது ரூபாய்க்கு மேல போக மாட்டேங்குது?" இந்தக் கேள்விக்குப் பதில் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருக்கிறது. வாங்க வேண்டாம். உள்ளே போய்ப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், ரசிக்கலாம். எப்படிப் பார்ப்பது, எதை ரசிப்பது என்பதைத்தான் இந்த இதழில் பேசப்போகிறோம்.

டிசைனர் என்றால் யார்?

தையல்காரருக்கு நாம் அளவு கொடுப்போம், அவர் தைத்துக் கொடுப்பார். டிசைனர் அதற்கு முன்னாடி உள்ள வேலையைச் செய்கிறவர். எந்தத் துணி, எந்த நிறம், கை எவ்வளவு நீளம், கழுத்து எப்படி, எந்த இடத்தில் பூ, எந்த இடத்தில் ஒன்றுமே வேண்டாம் என்று யோசித்து முடிவு செய்கிறவர். ஒரு மாதிரி செய்து பார்ப்பார், சரியில்லை என்றால் பிரித்துவிட்டு மறுபடி செய்வார். பெரிய கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை செய்யாமல், சொந்தமாகச் சின்ன அளவில் செய்து தன் பெயரில் விற்கிறவரைத் தனி டிசைனர் என்கிறோம். இவர்கள் ஒரு மாதிரியில் பத்து அல்லது ஐம்பது பொருள்தான் செய்வார்கள். ஆயிரக்கணக்கில் அடிக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பும் பணமும் வேண்டும் என்று தோன்றும். இப்படிப்பட்ட வேலை எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்க்க, ரொம்ப தூரத்தில் உள்ள ஒரு நாட்டுக்குப் போய்வருவோம்.

பின்லாந்துப் பெண்கள் செய்தது

ஐரோப்பாவின் வடக்கு மூலையில் பின்லாந்து என்று ஒரு நாடு. பனியும் காடும் நிறைந்தது. மொத்த ஜனத்தொகை சுமார் 55 லட்சம்தான். துணிக்கும் நகைக்கும் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய நாடு அது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்களில் பலர் பெண்கள்.

1930களில் அங்கே எல்சா ஹெபொராவுத்தா என்ற எழுத்தாளரும் சில பெண்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். தங்கள் நாட்டுப் பெண்களைப் போற்றி ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்று ஆசை. கையில் பணம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த பழங்கால நகைகளைப் பார்த்து, அதே மாதிரி வெண்கலத்திலும் வெள்ளியிலும் செய்து 1937 முதல் விற்றார்கள். பாட்டிக்குப் பாட்டி போட்ட நகையைப் பேத்திகள் ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அதுதான் இன்று கலேவலா என்ற பெரிய நகை நிறுவனமாக நிற்கிறது. இன்றைக்கும் அதன் சொந்தக்காரர் அந்தப் பெண்கள் சங்கம்தான். கலேவலா என்பது அந்த நாட்டுக் கதைப்பாடல்களைச் சேர்த்து உருவாக்கிய காவியத்தின் பெயர். பின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன் அதை 1994ல் தமிழிலும் கொண்டு வந்திருக்கிறார்.

இன்னொருவர் கையா ஆரிக்கா. 1954ல் நெசவுத் துணிப் படிப்பு படித்துக்கொண்டிருந்த மாணவி. தான் செய்த உடைக்குப் பொருத்தமான பொத்தான் கடையில் கிடைக்கவில்லை. மரத்தில் தானே பொத்தான் செய்தார். அந்தப் பொத்தானிலிருந்து மர மணி, மர மாலை என்று வளர்ந்து அவர் பெயரிலேயே ஒரு நிறுவனம் வந்தது. தங்கமும் கல்லும் இல்லாமல், அந்த ஊர்க் காட்டு மரத்தில் செய்த நகை.

துணியில் அர்மி ராத்தியா என்ற பெண்மணி. 1951ல் மரிமெக்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பெயருக்கு மரியின் உடை என்று அர்த்தம். நம்ம ஊரில் மேரியின் பாவாடை சட்டை என்று சொல்கிற மாதிரி. உடம்பைப் பிடிக்காத தளர்ந்த வெட்டு, தூரத்திலிருந்தே தெரிகிற பெரிய பெரிய உருவம், துணிச்சலான நிறம். குனிந்து நிமிர்ந்து வேலை செய்யலாம், ஓடலாம், பிள்ளையைத் தூக்கலாம். "நம்ம துணியில் பூப்போட வேண்டாம்" என்று அர்மி சொன்னாராம். அவரிடம் வேலை செய்த மாய்யா இசோலா என்ற டிசைனர் கேட்கவில்லை. 1964ல் பெரிய கசகசாப் பூக்களை வரைந்து காட்டினார். ஊனிக்கோ என்ற அந்தப் பூ இன்று வரைக்கும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

இந்த மூன்று கதையிலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. யாரும் தங்கத்தைத் தேடிப் போகவில்லை. அவர்கள் ஊரில் இருந்த பழைய நகை, மரம், சாதாரணப் பருத்தித் துணி, இவ்வளவுதான் மூலப்பொருள். அதைப் புதுசாகப் பார்த்தார்கள். விலை அந்தப் பார்வைக்கு.

நம்ம ஊரில் என்ன இருக்கு?

புதுச்சேரிக்கு வருவோம். இந்த மண்ணில் நகை வேலையும் துணி வேலையும் இன்று நேற்று வந்ததல்ல.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிற அரிக்கமேட்டை எல்லோருக்கும் தெரியும். 1945ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்தவர்களும் தோண்டினார்கள். சுமார் 2000 வருஷத்துக்கு முன் ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த இடம் என்று தெரிந்தது. ரோமானிய மண்பாண்ட ஓடுகளோடு கண்ணாடி மணி, சூதுபவள மணி எல்லாம் கிடைத்தன. மணி செய்யும்போது மிஞ்சிய கழிவும் கிடைத்தது. அப்படியென்றால் வெளியிலிருந்து வாங்கி வந்தது மட்டும் அல்ல, இங்கேயே செய்திருக்கிறார்கள். மிளகு அளவில் ஒரே நிறத்தில் இருக்கிற இந்த வகைக் கண்ணாடி மணி கிழக்கே தாய்லாந்து வரைக்கும், மேற்கே ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் கிடைக்கிறது. பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களை வைத்திருக்கிறார்கள். பின்லாந்துப் பெண்கள் தங்கள் அருங்காட்சியகத்தில் பார்த்ததை நாம் நம்முடையதில் பார்க்கலாம்.

துணியில் நம்ம ஊர் நீலம் பேர்போனது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே அவுரிச் சாயம் போட்ட நீலப் பருத்தித் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. அங்கே பிசின் வாங்க அந்தத் துணியையே பணம் மாதிரி கொடுத்தார்கள். 1898ல் தொடங்கிய ரோடியர் மில் பிற்பாடு ஏ.எப்.டி. மில் ஆகி, ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போட்டு, 2020ல் மூடப்பட்டது. பெரிய மில்லின் சங்கு நின்றுபோனது. கைவேலை நிற்கவில்லை.

ரோமன் ரோலண்ட் வீதியில் குளூனி கன்னியர் மடத்தின் எம்ப்ராய்டரி நிலையம் இருக்கிறது. பிரெஞ்சுக் காலத்து வீடு. தலைமுறை தலைமுறையாக உள்ளூர்ப் பெண்கள் அங்கே உட்கார்ந்து மேசை விரிப்பிலும் கைக்குட்டையிலும் பூ போடுகிறார்கள். துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் மாதிரியே சுத்தமாக இருக்கும் வேலை அது.

ஆரோவில்லில் உமா பிரஜாபதி என்ற டிசைனர் 1997ல் உபாசனா என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். பிறந்தது பீகார், டெல்லியில் பேஷன் படித்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் பக்கத்து மீனவக் கிராமப் பெண்களோடு சேர்ந்து, வெட்டி மிஞ்சின துணியில் சுனாமிகா என்ற குட்டிப் பொம்மையைச் செய்ய வைத்தார். அதை யாருக்கும் விற்பதில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுக்கிறார்கள். மனசார மக்கள் தருகிற நன்கொடையில் பொம்மை செய்த பெண்ணுக்குக் கூலி போகிறது. துண்டுத் துணி, ஊசி, நூல், இதுதான் முதல். அதே ஆரோவில்லில் வெல்பேப்பர் குழுவில் கிராமத்துப் பெண்கள் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கூடையும் மணியும் செய்கிறார்கள். கலர்ஸ் ஆஃப் நேச்சர் என்ற இடத்தில் அவுரியைப் புளிக்க வைத்து நூலுக்கும் துணிக்கும் சாயம் போடுகிறார்கள். தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும். காற்றுப் படப்படக் கண் முன்னாலேயே நீலமாக மாறும். கப்பலேறின அந்தப் பழைய நீலத்தின் சொந்தக்கார நிறம்தான் இது.

நம் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வில்லியனூர்க் கலைஞர் வி.கே. முனுசாமி 2020ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குயவர் மண் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற அதே மண்ணில் செய்த வேலைக்கு.

எப்படிப் பார்ப்பது?

அடுத்த தடவை ஒரு டிசைனர் கடைக்கோ கண்காட்சிக்கோ போனால் விலைச் சீட்டைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது இவை:

1. துணி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கைத்தறித் துணியில் இழை ஒன்று கொஞ்சம் தடிப்பாக, ஒன்று மெல்லிசாக இருக்கும். கரை ஓரத்தில் ஊசி குத்தின மாதிரிச் சின்னத் துளைகளும் பெரும்பாலும் இருக்கும்.

2. உள்பக்கம். சட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிசிறு தெரிகிறதா, தையலுக்குத் துணி போதுமான அளவு விட்டிருக்கிறார்களா, எம்ப்ராய்டரி முடிச்சு உறுத்துமா? நல்ல டிசைனர் துணியில் உள்பக்கமே பாதிச் சேதி சொல்லிவிடும்.

3. வெட்டு. கையைத் தூக்கினால் அக்குள் பிடிக்காமல் இருக்குமா? பாக்கெட் இருக்கா? போட்டுக்கொள்கிற பெண் நாள் முழுக்க என்ன வேலை செய்வாள் என்று யோசித்துத் தைத்த துணி தனியாகத் தெரியும்.

4. நிறம். எத்தனை நிறம் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் ரெண்டு, மிஞ்சினால் மூணு. நாம் ஒரே தோட்டில் சிவப்பு, பச்சை, தங்க வண்ணம், கல், முத்து எல்லாம் வைத்துவிடுகிறோம். எல்லாம் இருந்தால் கண் எதிலும் நிற்காது. காலியாக விட்ட இடமும் டிசைன்தான்.

5. நகையின் முடிப்பு. தோடு இரண்டும் ஒரே அளவா? ஓரம் வழவழப்பா? காது இழுக்காத எடையா? கொக்கி எந்த உலோகம்? நிக்கல் கலந்த மலிவுக் கொக்கி சிலருக்குக் காதில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும். மேலே எவ்வளவு அழகு இருந்தாலும் காது புண்ணாகிப் போனவர் திரும்ப வர மாட்டார்.

6. கூட இருக்கிற சீட்டு. யார் செய்தது, எந்த ஊர், என்ன பொருள், எப்படித் துவைக்கணும், எப்படி வைத்துக்கொள்ளணும் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதியிருப்பார்கள். வாங்குகிறவர் பொருளோடு அந்தக் கதையையும் எடுத்துப் போகிறார்.

"சும்மா இருக்கிற நேரம்" என்று ஒன்று உண்டா?

இப்போது விலைக்கு வருவோம். சுடுமண் தோடு, மாலை சேர்ந்த ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம். இது உதாரணக் கணக்குதான். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணும் வண்ணமும் 25 ரூபாய். கொக்கி, நூல் 15. சுடுகிற செலவில் பங்கு 10. பெட்டி, அட்டை 10. ஆக 60 ரூபாய். இதை 100 ரூபாய்க்கு விற்றுவிட்டு "நாப்பது ரூபா லாபம்" என்கிறோம். செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டால், "ரெண்டு மணி நேரம் ஆவும். அது வீட்ல சும்மா இருக்கிற நேரந்தானே" என்று பதில் வருகிறது.

சகோதரிகளே, தண்ணி பிடித்து, சமைத்து, பிள்ளையை அனுப்பி, மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு உட்காருகிற அந்த ரெண்டு மணி நேரம் சும்மா கிடைத்ததா? மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தாலே கூலி 100. அடக்க விலை 160 ஆகிறது. 100க்கு விற்றால் லாபம் 40 இல்லை, 60 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தை உங்கள் உடம்பு கொடுக்கிறது. குழுக் கணக்கில் எங்கேயும் எழுதாததால் அது தெரிவதில்லை. குழுவில் கடன் வாங்கித் தொழில் தொடங்கி, தவணை கட்ட முடியாமல் திணறும் உறுப்பினரிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் பல நேரம் இந்த இடத்தில்தான் ஓட்டை இருக்கும்.

உடைந்து போகிறது, புது மாதிரி செய்து பார்க்கிறது இதற்கெல்லாம் 20 ரூபாய் சேருங்கள். 180 ஆச்சு. கடையில் வைத்து விற்றால் கடைக்காரர் விற்பனை விலையில் 30 சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நம் கைக்கு 180 வரவேண்டுமானால் 260 ரூபாய் விலை போட வேண்டும். 260ல் அவருக்கு 78, நமக்கு 182. கண்ணாடிக் கதவுக்குள் இருக்கிற தோட்டின் விலை இப்படி ஏறியதுதான். யோசித்த நேரமும், செய்த கையும், கடை வாடகையும் அதற்குள் இருக்கிறது. அந்த விலைச் சீட்டில் "சும்மா" என்ற வார்த்தைக்கு இடமில்லை.

ஆனால் ஒன்று. விலையை மட்டும் 260 ஆக்கிவிட்டுப் பழைய தோட்டையே வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். மேலே சொன்ன ஆறு விஷயமும் சரியாக இருக்க வேண்டும். தரம் முதலில், விலை அதன் பின்னால்.

பார்த்து அப்படியே செய்யலாமா?

இதை வெளிப்படையாகப் பேசிவிடுவோம். கடையில் பார்த்ததை போன் கேமராவில் பிடித்துவந்து அச்சு அசலாகச் செய்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. அடுத்தவர் டிசைன் பதிவு செய்யப்பட்டிருந்தால் அது சட்டப்படி தப்பு. 2000ஆம் வருஷத்து டிசைன் சட்டப்படி, பதிவு செய்த டிசைனுக்கு 10 வருஷம் பாதுகாப்பு உண்டு, இன்னும் 5 வருஷம் நீட்டிக்கலாம். நமக்கும் அதே உரிமை இருக்கிறது. புதுசாக ஒன்றை உருவாக்கிப் பதிவு செய்ய நினைத்தால், வெளியே விற்பதற்கும் படம் போடுவதற்கும் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், வியாபாரமாகவே பார்ப்போம். அதே பொருளை நூறு பேர் செய்தால் யார் விலையைக் குறைக்கிறாரோ அவர்தான் விற்பார். அந்தப் போட்டியில் நம் கூலிதான் முதலில் வெட்டுப்படும். அடுத்தவரிடமிருந்து முடிப்பையும் நிற அடக்கத்தையும் கற்றுக்கொள்வோம். உருவத்தை நம் ஊரிலிருந்து எடுப்போம். வாசலில் தினமும் போடுகிற புள்ளிக் கோலம், அரிக்கமேட்டு மணி, கட்டுமரம், வலைக் கண்ணி, பனை ஓலை, வில்லியனூர்த் தேர். இதையெல்லாம் நம்மை விட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. கைத்தொழில் செய்யும் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு பொருளைக் கொண்டு வரட்டும். பொருள், நேரம், கூலி, கடைப் பங்கு என்று மேலே உள்ள மாதிரி கணக்கைக் கரும்பலகையில் எல்லோரும் சேர்ந்து போடுங்கள்.

2. பொருளை வட்டமாகச் சுற்றவிட்டு, உள்பக்கம், ஓரம், கொக்கி, நிறம் பார்த்து ஆளுக்கு ஒரு குறையும் ஒரு நிறையும் சொல்லுங்கள். சொல்வதைக் கேட்டுக் கோபப்படக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

3. ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒரு நாள் அருங்காட்சியகத்துக்கும், அப்படியே ரெண்டு டிசைனர் கடைக்கும் போய்வரத் தீர்மானம் போடுங்கள். போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குள் போகத் தயங்க வேண்டாம். "நாங்களும் செய்யறவங்கதான், பார்க்க வந்தோம்" என்று சொல்லுங்கள்.

4. ஒவ்வொரு குழுவும் நம்ம ஊர் அடையாளம் ஒன்றை வைத்துப் புது மாதிரி ஒன்று செய்து, அதற்குச் சின்னச் சீட்டும் எழுதிக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சீட்டில் செய்தவர் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.

கணக்குப் போடுவதில் சந்தேகம் இருந்தால் உங்கள் குழு ஊக்குநரிடமோ, கிராமத்துக்கு வரும்போது என்னிடமோ கேளுங்கள். உட்கார்ந்து சேர்ந்து போடுவோம்.

கள ஒருங்கிணைப்பாளர்